கிட்டாரின் காதைக் கழற்றி மாட்டலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய அறிவியல் கட்டுரை)

முன்னுரை

திருவிழாக் காலங்களில் நாதஸ்வரம் வாசிக்கும் வித்துவானை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், அவருடைய கருவியின் மேற்பகுதியில் நூலில் கோத்த சில சிறு பொருள்கள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காகத் தொங்குகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவற்றுள் சில மாற்றுச் சீவாளிகள் ஆகும். நாணல் தட்டையால் செய்யப்படும் சீவாளிதான் நாதஸ்வரத்தின் குரலுக்கு உயிர். ஒரு சீவாளி ஊறிப் போனாலும், பிளந்து போனாலும் வித்துவான் கச்சேரியை நிறுத்துவதில்லை. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வாசிப்பைத் தொடருகிறார். கருவி ஒன்றுதான், குரல் தரும் உறுப்போ பல.

இந்த வசதி மின்சாரக் கிட்டாருக்கு உண்டா? அதன் ஒலிக்குக் காரணமான 'பிக்கப்' என்னும் உறுப்பையும் சீவாளியைப் போலக் கழற்றி மாட்ட முடியுமா? அப்படிச் செய்ய முயன்றவர்கள் யாவர்? கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் வாழும் நமக்கு அதனால் என்ன பயன்? இவற்றைப் பற்றி நான் அறிந்தவற்றை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

பிக்கப் என்பது யாது?

சாதாரணக் கிட்டாரில் வயிறு போன்ற மரப்பெட்டி ஒன்று உண்டு. தந்தியின் அதிர்வு அந்தப் பெட்டியை அதிரச் செய்ய, பெட்டி காற்றை அதிரச் செய்ய, நம் செவிக்கு இசை கேட்கிறது. மின்சாரக் கிட்டாரில் பெரும்பாலும் இத்தகைய பெட்டி இருப்பதில்லை. கெட்டியான பலகைதான் அதன் உடல். மின்சார இணைப்பு இல்லாமல் அதை மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆகவே, தந்தியின் அதிர்வைக் 'கேட்டு' அதை மின்சாரமாக மாற்றித் தரும் ஒரு காது அதற்குத் தேவை. அந்தக் காதுதான் பிக்கப். தந்திகளுக்கு அடியில், தீப்பெட்டியை ஒத்த வடிவில் அது பதிக்கப்பட்டிருக்கும்.

இதன் தத்துவம் நாம் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். ஒரு கம்பிச் சுருளின் அருகே காந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால் அச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார் அல்லவா? பிக்கப்பினுள் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. மேலே செல்லும் எஃகுத் தந்தியும் அக்காந்தத்தால் சிறிதளவு காந்தத் தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது காந்தப் புலமும் அதே வேகத்தில் அசைகிறது. சுருளில் அதே வேகத்தில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோதான் இருக்கும். அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

நம் பகுதி விவசாயிகள் கிணற்று மோட்டார் எரிந்து போனால் காயில் கட்டும் கடைக்குக் கொண்டு செல்வதை நாம் அறிவோம். அங்கும் எனாமல் பூசிய செப்புக் கம்பியைத்தான் சுற்றுகிறார்கள். ஆனால் பிக்கப்பில் சுற்றும் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். தலைமுடியின் கனத்தை ஒத்தது. அதை 7,000 முதல் 10,000 சுற்றுகள் வரை சுற்றுவார்கள். கை சற்றே அழுந்தினாலும் அறுந்து போகும். சுற்றுகள் கூடினால் ஒலி வலுக்கும். ஆனால் அதன் கூர்மை குறையும். காந்தத்தின் வகையும் ஒலியை மாற்றும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை கலந்த 'அல்னிகோ' காந்தத்தையும், செராமிக் காந்தத்தையும் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர்.

எந்த இடத்தில் இருந்து கேட்கிறது என்பதும் முக்கியம். வீணையில் குதிரைக்கு அருகே மீட்டினால் ஒலி கூர்மையாகவும், தள்ளி மீட்டினால் குழைவாகவும் இருக்கும் அல்லவா? பிக்கப்பும் அப்படியே. குதிரைக்கு அருகில் வைத்தால் கூரிய குரல். கழுத்துப் பக்கம் வைத்தால் கனிந்த குரல். 1954-இல் வெளிவந்த பெண்டர் நிறுவனத்தின் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிட்டாரில் மூன்று இடங்களில் மூன்று பிக்கப்புகள் வைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

தோன்றிய வரலாறு

நடனக் குழுக்களில் ஊதுகுழல் வாத்தியங்களின் முழக்கத்திற்கு நடுவே கிட்டாரின் மெல்லிய ஒலி கேட்காமல் போயிற்று. இக்குறையைப் போக்க அமெரிக்காவில் ஜார்ஜ் பியூசாம்ப் என்பவர் முயன்றார். அவரும் அடால்ப் ரிக்கன்பாக்கரும் சேர்ந்து 1932-இல் ஒரு மின்சாரக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். அது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார். அலுமினியத்தால் ஆன வட்ட உடலும் நீண்ட கைப்பிடியும் கொண்டிருந்ததால் அதை 'வாணலி' என்று வேடிக்கையாக அழைத்தனர். குதிரை லாட வடிவக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்திருந்தன. 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே 1930-களின் பிற்பகுதியில் ஹாரி டி ஆர்மண்ட் என்பவரின் பிக்கப்புகள் விற்பனைக்கு வந்தன. இவை சாதாரணக் கிட்டாரை வெட்டாமலும் துளைக்காமலும் அதன்மீது பொருத்தக் கூடியவை. விருப்பம்போல் மாட்டலாம், கழற்றலாம். ஆகவே, கழற்றி மாட்டும் எண்ணம் பிக்கப்பின் இளமைக் காலத்திலேயே தோன்றிவிட்டது. பின்னர் மின்சாரக் கிட்டார்கள் பெருகியபோதுதான் பிக்கப்பை உடலில் குழி வெட்டி, திருகி, ஈயத்தால் பற்றவைத்து நிலையாக இருத்தும் வழக்கம் வந்தது.

இரைச்சலைப் போக்கும் இரட்டைச் சுருள்

பிக்கப்பின் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. அருகிலுள்ள மின்கம்பி, குழல் விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றின் காந்தப் புலத்தையும் கேட்டுவிடும். நம் நாட்டில் மாறுமின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவதால், ஆம்ப்ளிபயரில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் எழும். கோவிலில் சீரியல் விளக்குகள் எரியும் திருவிழா இரவில் இந்த ரீங்காரத்தைப் பாடகர் குழுவினர் நன்கு அறிவார்கள்.

கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியியலாளர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிர்த் திசையில் இணைத்தார். காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒரே திசையில் பிறந்து கூடிக்கொள்ளும். தீமையைக் கழித்து நன்மையைக் கூட்டும் இந்தக் கணக்கு எவ்வளவு அழகானது! இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். ஒற்றைச் சுருளின் குரல் பளிச்சென்று இருக்கும். ஹம்பக்கரின் குரல் கனமாகவும் மென்மையாகவும் இருக்கும். இரண்டையும் விரும்புகிறவர்கள் உண்டு. ஒரே கிட்டாரில் இரண்டும் வேண்டும் என்ற ஆசை பிறந்ததற்கு இது ஒரு காரணம்.

நம் இசையில் பிக்கப்

பிக்கப் மேல்நாட்டு இசைக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். ஆந்திர மாநிலம் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2014-இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், சிறுவனாக இருந்தபோதே மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் புகழ் பெற்றார். சாதாரண மாண்டலினின் ஒலி பிறந்தவுடனே மங்கிவிடும். கமகம் கொடுத்து இழுத்து வாசிக்க ஒலி நின்று ஒலிக்க வேண்டும். அந்த நீடிப்பைப் பிக்கப்பும் ஆம்ப்ளிபயரும் அவருக்குத் தந்தன. ஐந்து தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினை அவர் கையாண்டார். 1998-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சுகுமார் பிரசாத், ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா ஆகியோர் மின்சாரக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டினர்.

வீணைக்கு வருவோம். தஞ்சாவூர் வீணைக்கு ஏழு தந்திகள். வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. வழக்கமாக வாசிப்புத் தந்திகளில் இரண்டு எஃகு. கனத்த குரல் தரும் மற்ற இரண்டு பித்தளை போன்ற உலோகத்தால் ஆனவை. இங்கேதான் ஒரு சிக்கல். காந்தம் எஃகை ஈர்க்கும், பித்தளையை ஈர்க்காது. ஆகவே கிட்டார் பிக்கப்பை அப்படியே வீணையில் வைத்தால் எஃகுத் தந்திகள் பேசும். பித்தளைத் தந்திகள் ஏறக்குறைய ஊமையாகிவிடும். நைலான் தந்தி பூட்டிய கிட்டாருக்கும் இதே கதிதான்.

இதனால் வீணைக் கலைஞர் பலர் வேறு வகைக் காதை நாடினர். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பியரி கியூரியும் அவர் சகோதரர் ஜாக்கும் கண்டறிந்தனர். இந்தப் பியரி கியூரிதான் பின்னாளில் மேரி கியூரி அம்மையாரின் கணவரானவர். இத்தத்துவத்தில் செய்யப்பட்ட சிறு வில்லையை வீணையின் உடலில் ஒட்டிவிட்டால், தந்தி எந்த உலோகமானாலும் மரத்தின் அதிர்வை அது மின்சாரமாக்கும். இதைத்தான் 'கான்டாக்ட் மைக்' என்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பலாமரத்தில் செதுக்கிய விலைமதிப்புள்ள வீணையில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை. ஆகக் கழற்றி மாட்டும் பிக்கப் நம் கச்சேரி மேடையில் ஏற்கெனவே ஏறியமர்ந்திருக்கிறது!

மாற்றுவதில் உள்ள தொல்லை

சாதாரண மின்சாரக் கிட்டாரில் பிக்கப்பை மாற்ற வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும்? முதலில் தந்திகளைத் தளர்த்த வேண்டும் அல்லது கழற்ற வேண்டும். மேல் தகட்டின் திருகாணிகளை எடுக்க வேண்டும். பழைய கம்பிகளைச் சால்டரிங் இரும்பால் சுட்டுப் பிரிக்க வேண்டும். புதிய கம்பிகளை, எது எங்கே சேர வேண்டும் என்று அறிந்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இரண்டு பிக்கப்புகள் உள்ள கிட்டாரில் ஒன்றின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றை ஒன்று கழித்து, ஒலி மெலிந்து சளி பிடித்தது போலாகிவிடும். எல்லாம் முடிந்தபின் தந்திகளைப் பூட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். பழகியவருக்கே ஒரு மணி நேர வேலை. பழகாதவருக்கோ ஒரு நாள் போதாது.

மலையூரில் ஒரு கிறிஸ்துமஸ்

இத்தொல்லை யாருக்கு அதிகம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் சென்றால் கல்வராயன் மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அடி உயரம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியதிலிருந்து இம்மலையின் பெரும்பகுதி நம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஒரு சிற்றூரில் என் சித்தப்பா ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவ்வூர்ப் பாடகர் குழுவிடம் ஒரே பிக்கப் கொண்ட பழைய மின்சாரக் கிட்டார் ஒன்று உண்டு. யாரோ பயன்படுத்திக் கொடுத்தது.

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஒரு வாரம் இருக்கையில் அக்கிட்டார் பேச்சை நிறுத்திவிட்டது. சித்தப்பா அதைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு வந்தார். டி.வி. பழுது பார்க்கும் கடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். சுருள் உள்ளே எங்கோ அறுந்திருந்தது. "இதைச் சுற்ற எங்களிடம் மெஷின் இல்லை தம்பி, காயில் கடையில் கேட்டுப் பாருங்கள்" என்றார் கடைக்காரர். சித்தப்பாவோடு நானும் காயில் கடைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் கம்பியை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பாப்பா, நான் பத்து குதிரைசக்தி மோட்டாருக்குக் கட்டிக் கொடுப்பேன். இது சிலந்தி நூல். என் கைக்கு அடங்காது" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். சென்னையிலிருந்து புதிய பிக்கப்பை வரவழைக்க ஏற்பாடாயிற்று. அது வந்தபோது பொங்கல் முடிந்துவிட்டது. பற்றவைக்க மீண்டும் மலையிலிருந்து கிட்டாரை இறக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலியில் மேளமும் கைத்தாளமும் மட்டுமே ஒலித்தன. பாடல்கள் நன்றாகவே இருந்தன என்று சித்தப்பா கூறினார். ஆனால் ஆறு மாதமாகத் தன் விரல்கள் புண்ணாகும்வரை கிட்டார் பழகியிருந்த ஒரு சிறுமி, அன்று கடைசி வரிசையில் சும்மா நின்றாளாம். அவள் ஏழாம் வகுப்பு படிப்பவள். மலையில் அவள் வயதில் கிட்டார் பழகும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கெட்டுப் போனது ஒரு சிறிய சுருள். வீணானது ஒரு குழந்தையின் ஆறு மாத உழைப்பு.

பல்பும் ஹோல்டரும்

வீட்டில் பல்பு எரிந்து போனால் நாம் மின்பணியாளரைத் தேடி ஓடுகிறோமா? இல்லை. கடைக்குப் போய் வேறு பல்பு வாங்கி, ஹோல்டரில் அழுத்தித் திருப்பிவிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளையும் அதைச் செய்யும். பல்பு என்றாவது ஒருநாள் கெடும் என்பதை முன்பே எண்ணிப் பார்த்து ஹோல்டரைச் செய்தவரின் தயவு அது. கிட்டாருக்கும் அப்படி ஒரு ஹோல்டர் இருந்தால்?

அமெரிக்காவில் டான் ஆம்ஸ்ட்ராங் என்பவர் 1969-இல் ஆம்பெக் நிறுவனத்திற்காக அவ்வாறே ஒரு கிட்டாரை அமைத்தார். அதன் உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பிளெக்ஸிகிளாஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தந்திகளுக்கு அடியில் ஒரு குழி. உடலின் பின்புறத்தில் விரலாலேயே திருகக் கூடிய ஒரு திருகாணி. அதைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் பிக்கப்பை நழுவ விட்டு எடுத்து, வேறொன்றைச் செருகினால் போதும். மின் இணைப்பும் செருகும்போதே பொருந்திக்கொள்ளும். தந்தியைக் கழற்ற வேண்டாம். ஈயம் வைக்க வேண்டாம். ராக், கன்ட்ரி, ஜாஸ் என மூவகை இசைக்கும், ஒவ்வொன்றிலும் கூர்குரலுக்கு ஒன்றும் கனகுரலுக்கு ஒன்றுமாக ஆறு பிக்கப்புகள் இருந்தன. அவற்றை உருவாக்கியவர் பில் லாரன்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதே 1969-ஆம் ஆண்டு இசைப் பயணத்தில் இக்கிட்டாரை வாசித்தார். எனினும் 1971-இல் இதன் தயாரிப்பு நின்று போயிற்று.

இக்கிட்டார் மற்றோர் உண்மையையும் உலகுக்குக் காட்டியது. உடல் ஒன்றே; தந்திகள் அவையே; வாசிப்பவரும் அவரே. பிக்கப்பை மட்டும் மாற்றினால் குரல் மாறுகிறது. ஆகவே மின்சாரக் கிட்டாரின் குரலில் பெரும் பங்கு பிக்கப்புக்கு உரியது என்பதில் ஐயமில்லை.

அதன் பின்னரும் இம்முயற்சி ஓயவில்லை. சுவிட்சர்லாந்தின் ரெலிஷ் நிறுவனம் செய்த சில கிட்டார்களில் பிக்கப்பைப் பின்புறமாக உருவி எடுக்கலாம். காந்தங்கள் அதைத் தம் இடத்தில் பிடித்துக்கொள்ளும். இ.எம்.ஜி. போன்ற நிறுவனங்கள் ஈயம் தேவைப்படாமல் செருகி இணைக்கும் பிக்கப்புகளை விற்கின்றன. கிப்ஸன் நிறுவனமும் தன் கிட்டார்கள் சிலவற்றில் செருகு இணைப்பை வைத்தது.

குறைகளும் உண்டு

ஒரு பொருளின் நன்மையை மட்டும் கூறினால் கட்டுரை நிறைவு பெறாது. கழற்றி மாட்டும் முறையிலும் சில குறைகள் உள்ளன.

முதலாவது, இணைப்பு. பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது என்று முன்பே கண்டோம். செருகும் முனையில் சிறிது களிம்பு ஏறினாலும் கரகரப்பு எழும். சில சமயம் ஒலியே நின்றுவிடும். பனியும் சாரலும் மிகுந்த மலைப்பகுதியில் இது விரைவில் நேரும். நன்றாகப் பற்றவைத்த இணைப்பு பல ஆண்டு உழைக்கும். செருகு முனையையோ அவ்வப்போது துடைத்துப் பராமரிக்க வேண்டும்.

இரண்டாவது, குமிழ்களின் அளவு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மின்தடை பொதுவாக ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் ஆகவும், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் ஆகவும் இருக்கும். பிக்கப்பை மட்டும் மாற்றிவிட்டுக் குமிழை அப்படியே விட்டால் குரல் மங்கலாகவோ, காதைக் குத்துவதாகவோ அமையலாம்.

மூன்றாவது, உயரம். பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மிக அருகில் வந்தால் காந்தமே தந்தியை இழுத்து, சுருதியைத் தள்ளாட வைக்கும். தள்ளிப் போனால் ஒலி சோர்ந்துவிடும். செருகும் ஒவ்வொரு பிக்கப்புக்கும் இந்த உயரம் சரியாக அமைய வேண்டும்.

நான்காவது, பொதுவான அளவு இல்லாமை. ஒரு நிறுவனத்தின் பிக்கப் மற்றொரு நிறுவனத்தின் குழியில் பொருந்துவதில்லை. எந்தக் கடையில் வாங்கிய பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துவதால்தான் ஹோல்டர் பயனுள்ளதாயிற்று. செய்த நிறுவனம் மூடப்பட்டால் அதன் சிறப்புக் குழியும் பயனற்றுப் போகும். கழற்றி மாட்டும் கிட்டார் உலகெங்கும் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கிட்டாரை நாம் வாங்க வேண்டியதில்லை. நம் பாடகர் குழுக்களுக்கு எளிய வழிகள் பல உள்ளன.

1. கிட்டார் பேசவில்லையென்றால் முதலில் கேபிளையும், அது செருகும் ஜாக்கையும் சோதிக்க வேண்டும். பல சமயம் குற்றம் அங்கேதான் இருக்கும். பிக்கப்பின்மீது வீண்பழி சுமத்தலாகாது.

2. கேபிளும் ஜாக்கும் சரியாக இருந்தால், ஆம்ப்ளிபயரின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு சிறிய திருப்புளியால் பிக்கப்பின் மேல் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். 'டப்' என்று கேட்டால் பிக்கப் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

3. எதுவும் கேட்காவிட்டால் பிக்கப்பின் இரு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். பெரும்பாலான பிக்கப்புகள் 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துள்ளது. இந்தச் சோதனைகளை மலையிலேயே செய்துவிட்டால், வீணாகப் பேருந்து ஏறி இறங்க வேண்டியதில்லை.

4. கம்பிகளைப் பிரிக்கும் முன் அவை இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் வரைந்தும் வைக்கலாம்.

5. புதிய பிக்கப்பைப் பற்றவைக்கும்போது, கம்பியின் நடுவே இரண்டு முனை கொண்ட சிறு செருகியைப் பொருத்தித் தருமாறு கடைக்காரரைக் கேட்கலாம். ரேடியோப் பெட்டிக்குள் இருக்குமே, அதே செருகிதான். சில ரூபாய்க்குக் கிடைக்கும். இதை ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த முறை மாற்றுவதற்கு ஈயமே தேவைப்படாது. சாதாரணக் கிட்டாருக்கும் இவ்வாறு ஹோல்டர் கிடைத்துவிடும்.

6. எஃகுத் தந்தி பூட்டிய சாதாரணக் கிட்டார் இருந்தால், அதன் ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் ஒன்றைக் குழு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு கிட்டார் கெட்டால் அதைக் கழற்றி மற்றொன்றில் மாட்டிவிடலாம். நைலான் தந்தியானால் ஒட்டும் வகையே ஏற்றது.

ஜூன் 13-ஆம் நாள் புனித அந்தோணியார் திருநாளையொட்டி, சின்னசேலம் அருகிலுள்ள மேல்நாரியப்பனூர் திருத்தலத்திற்குப் பல ஊர் மக்கள் திரண்டு வருகிறார்கள். அத்தகைய இடங்களில் குழுக்கள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கும் இம்முறை ஏற்றது. கிட்டாரையே இரவல் கேட்பது கடினம். ஒரு பிக்கப்பை இரவல் தருவது எளிது அல்லவா?

மேலும் ஓர் ஆசை எனக்கு உண்டு. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்திற்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வ உருவங்களின் விரல் நகத்தையும் மரத்தில் செதுக்கிக் காட்டும் கைகளுக்கு, ஒரு கிட்டார் உடலின் பின்புறத்தில் அளவான குழி ஒன்றை வெட்டுவது பெரிய காரியமா? சிற்பியும், டி.வி. பழுது பார்ப்பவரும், நம் பள்ளியில் இயற்பியல் விரும்பிப் படிக்கும் மாணவியும் ஒன்று சேர்ந்தால், பிக்கப் மாற்றும் கிட்டார் நம் ஊரிலேயே உருவாகலாம். உதவி செய்வதாக என் சித்தப்பா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், பிக்கப் என்பது கிட்டாரின் காது என்பதும், அதுவே அதன் குரலைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும், அதைக் கழற்றி மாட்டும் வழிகள் 1930-களிலிருந்தே உண்டு என்பதும் விளங்கும். பெரிய நகரத்து இசைக்கலைஞருக்கு இவ்வசதி பல குரல்களைத் தரும் ஓர் இன்பம். கடை வீதியிலிருந்து தொலைவில் வாழ்பவருக்கோ இது கருவி பேசுவதா, ஊமையாவதா என்ற கேள்வி.

ஒரு பொருளைச் செய்கிறவர், 'இது கெட்டால் இதை யார் சரி செய்வார்? அவர் எங்கே இருப்பார்? அவர் கையில் என்ன கருவி இருக்கும்?' என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் எத்தனையோ பேருடைய துன்பம் குறையும். தோழியரே, நம்மில் பலர் நாளை பொறியியலாளர்களாகவும் தொழில்நுட்ப வல்லுநர்களாகவும் வர இருக்கிறோம். அன்று நாம் வரையும் ஒவ்வொரு படத்திலும் ஒரு ஹோல்டருக்கு இடம் விடுவோமாக.

மலையூர்க் கிட்டாருக்குப் புதிய பிக்கப்போடு இரண்டு முனைச் செருகியும் இப்போது பொருத்தப்பட்டிருக்கிறது. மாற்றுப் பிக்கப் ஒன்றும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அந்த டப்பாவின் பொறுப்பு யாரிடம் தெரியுமா? அந்த ஏழாம் வகுப்புச் சிறுமியிடம்தான்!